வசனத்திலிருந்து புத்தகத்துக்கு: தனியாக வேதம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வசனத்துக்குப் பஞ்சமே இல்லை. வாசல் நிலைக்கு மேலே ஒன்று, தினசரிக் காலண்டரில் ஒன்று, காலையில் ஃபோனைத் திறந்தால் உறவினர் குழுவில் பூப்படத்தோடு நாலைந்து. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்துவந்த வாக்குத்தத்த அட்டை பீரோக் கண்ணாடியில் வருஷம் முழுக்க ஒட்டியிருக்கும். இவ்வளவு இருந்தும், புதிய ஏற்பாட்டில் உள்ள பிலிப்பியர் நிருபம் எதைப் பற்றியது என்று கேட்டால் பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவர்கள்கூட யோசிப்பார்கள். அதில் மூன்று வசனம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். யார், யாருக்கு, எந்த நிலைமையில் எழுதினார் என்பது தெரியாது.

வேதத்தைத் தனியாகப் படித்து ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர வேண்டும் என்று இப்போதுதான் நினைக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வசனம் வசனமாகப் பொறுக்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, திரும்பத் திரும்பப் படியுங்கள். துபாயிலிருந்து அப்பா எழுதிய நாலு பக்கக் கடிதத்தில் நடுவில் ஒரு வரியை மட்டும் வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற பிள்ளை உண்டா? ஆனால் அப்போஸ்தலன் பவுல் சபைகளுக்கு எழுதிய கடிதங்களை, அதாவது நிருபங்களை, நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ஜனவரி 1-ல் தொடங்க வேண்டாம்

புதுவருஷத் தீர்மானமாக ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் பலர். சபைகளில் இதற்கு ஒரு கணக்கும் சொல்வார்கள்: வாரநாளில் 3 அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை 5 அதிகாரம். 66 புத்தகத்திலும் சேர்த்து 1189 அதிகாரம் இருப்பதால் வருஷத்துக்குள் சரியாக முடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் ஆதியாகமத்தின் 50 அதிகாரமும் கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்தில் செங்கடலைக் கடக்கும்வரை விறுவிறுப்பாக இருக்கும். 25-ஆம் அதிகாரத்தில் வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும். முழம், கொளுவி, திரை, பாதம். அப்புறம் லேவியராகமம். பிப்ரவரிக்குள் பாதிப் பேர் புத்தகத்தை மூடியிருப்பார்கள். அதோடு, "எனக்கு வேதம் படிக்க வராது" என்ற ஒரு குற்றவுணர்வும் சேர்ந்துவிடும்.

ஆண்டு முழுக்க வாசிக்கும் திட்டம் கெட்டது என்று சொல்லவில்லை. வேதத்தில் ஓரளவு வழி தெரிந்தவர்களுக்கு அது நல்லது. புதிதாக வருகிறவருக்கு அது முதல் படி ஆகாது.

எந்த வேதாகமம்?

வீட்டில் என்ன இருக்கிறதோ அது போதும். பெரும்பாலான சபைகளில் வாசிக்கப்படுவது 19-ஆம் நூற்றாண்டில் உருவான பழைய மொழிபெயர்ப்பு. காதுக்குப் பழகியது, மனப்பாடமும் அதிலேதான் இருக்கிறது. ஆனால் பவுலின் நிருபங்களில் ஒரு வாக்கியம் ஐந்தாறு வரி ஓடும்போது மூச்சு வாங்கும். அப்போது பக்கத்தில் எளிய தமிழில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்களிடம் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கும்; அதில் 73 நூல்கள், நல்ல முன்னுரைகள், அடிக்குறிப்புகள் எல்லாம் உண்டு. எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஃபோனில் படிக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். படிக்கலாம். வசனம் தேடுவதற்கும், ஒலி வடிவில் கேட்பதற்கும் ஆப் ரொம்ப வசதி. ஆனால் ஆழ்ந்து படிக்கிற அந்த நேரத்துக்கு அச்சுப் புத்தகம்தான் என் தேர்வு. பென்சிலால் கோடு போடலாம், ஒரு பக்கத்தில் இருந்ததை இன்னொரு பக்கத்தோடு கண்ணாலேயே ஒப்பிடலாம், நடுவில் மெசேஜ் வராது. பாட்டி காலத்துப் பைபிளில் கோடு போட மனசு வராதவர்கள், அந்தப் புத்தகத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பியர் நாலைந்து பக்கம்தான் வரும்.

ஒரு நோட்டு, ஒரு பென்சில். வேறெதுவும் இப்போது வாங்க வேண்டாம். விளக்கவுரைப் புத்தகங்கள் பிறகு.

எந்த நேரம்?

அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஜெபிக்கிற பாட்டிமார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் அந்த நேரத்தில் படித்தால்தான் கணக்கில் சேரும் என்று ஒரு நினைப்பு உண்டு. இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் படுக்கிற ஐ.டி. ஊழியரும், கைக்குழந்தையோடு மூன்று முறை எழுந்த தாயும் என்ன செய்வார்கள்? முதலாம் சங்கீதம் இரவும் பகலும் தியானிக்கிறவனைப் பற்றிப் பேசுகிறது. ஈசாக்கு தியானம்பண்ண வெளியே போனது சாயங்காலத்தில். உங்களுக்கு எப்போது தலை தெளிவாக இருக்கிறதோ, எப்போது இருபது நிமிஷம் யாரும் கூப்பிட மாட்டார்களோ, அதுதான் நேரம். ஒரே நேரமாக, ஒரே இடமாக இருந்தால் பழக்கம் சீக்கிரம் பிடிக்கும்.

படிக்குமுன் ஒரு சின்ன ஜெபம். 119-ஆம் சங்கீதம் 18-ஆம் வசனத்தில், உம்முடைய வேதத்தில் உள்ள அதிசயங்களைப் பார்க்க என் கண்களைத் திறந்தருளும் என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதையே சொல்லலாம். நீளமாக ஜெபித்துவிட்டு, படிக்கும் நேரம் வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பதைவிட இது நல்லது.

முதல் வாரம்: படிக்க மட்டும்

இந்தக் கட்டுரைக்காகப் பிலிப்பியர் நிருபத்தை, அதாவது பிலிப்பி ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தை, எடுத்துக்கொள்கிறேன். 4 அதிகாரம், 104 வசனம். சத்தமாக வாசித்தால் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

சத்தமாக என்று சொன்னது சும்மா இல்லை. இந்த நிருபங்கள் சபை கூடியிருக்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்காக எழுதப்பட்டவை. கொலோசெயர் நிருபத்தின் கடைசியில், இதை உங்களிடம் வாசித்தபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று பவுலே சொல்கிறார். பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியங்களும் வாய்விட்டு வாசிக்கும்போதுதான் எங்கே நிற்கின்றன, எங்கே திரும்புகின்றன என்று புரியும்.

முதல் வாரம் தினமும் நிருபம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். அதிகார எண்ணையும் வசன எண்ணையும் கண்டுகொள்ள வேண்டாம். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்கள் 1551-இல் ஒரு அச்சுக்காரர் போட்டவை. தேடிக் கண்டுபிடிக்க வசதி, அவ்வளவுதான். சில இடங்களில் அவை யோசனையை நடுவில் வெட்டியும் விடுகின்றன. பிலிப்பியர் 4-ஆம் அதிகாரம் "ஆதலால்" என்று தொடங்குகிறது. "ஆதலால்" என்று யாராவது பேச்சைத் தொடங்குவார்களா? அந்த வசனம் 3-ஆம் அதிகாரத்தின் முடிவு.

மூன்றாம் நாள், நான்காம் நாளில் சலிப்பு வரும். "இதைத்தான் நேற்றே படித்தேனே" என்று மனசு சொல்லும். அதைத் தாண்டிப் போங்கள். ஐந்தாம் நாளில் அதுவரை கண்ணில் படாத ஒரு வரி தட்டுப்படும். பெரும்பாலும் எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கிறது.

இரண்டாம் வாரம்: பென்சிலோடு

இப்போது ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். நோட்டில் எழுத வேண்டியது விளக்கம் இல்லை, தியானச் செய்தியும் இல்லை. கண்ணால் பார்த்தது மட்டும். எழுதுகிறவர் யார்? எங்கே இருக்கிறார்? யாருடைய பெயர்கள் வருகின்றன? எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது? ஆதலால், ஏனெனில், ஆனாலும் போன்ற சொற்கள் எதை எதோடு இணைக்கின்றன?

செய்து பார்ப்போம். முதல் அதிகாரத்தில் "கட்டுகள்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டே போங்கள். பவுல் காவலில் இருக்கிறார். அதே அதிகாரத்தில் "சந்தோஷம்" வருகிற இடங்களுக்கு வட்டம் போடுங்கள். கோடும் வட்டமும் ஒரே பக்கத்தில் நெருக்கமாக வருவதைப் பார்ப்பீர்கள். சிறையில் இருக்கிறவர், வெளியே தன்மேல் பொறாமைப்பட்டு பிரசங்கிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் தெரிந்தவர், எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதில் சந்தோஷப்படுகிறேன் என்கிறார். யாரும் விளக்கிச் சொல்லாமல் நீங்களாகவே இதைப் பார்த்தது மனசில் நிற்கும். பிரசங்கத்தில் கேட்டது ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குள் பாதி மறந்துவிடுகிறது.

அடுத்து "சிந்தை" என்ற சொல்லைத் தேடுங்கள். இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில், ஒரே சிந்தையாக இருங்கள் என்கிறார். உடனே வீண்பெருமையை விட்டு ஒருவரையொருவர் தங்களைவிட மேலானவர்களாக எண்ணச் சொல்கிறார். அதற்கு அடுத்துதான் அந்தப் புகழ்பெற்ற பகுதி: "கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது." தேவ ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார், சிலுவை மரணம்வரை தம்மைத் தாழ்த்தினார், தேவன் அவரை உயர்த்தினார். குருத்தோலை ஞாயிறன்றும் கிறிஸ்துமஸ் காலத்திலும் இந்தப் பகுதியைக் கேட்டிருப்பீர்கள். பெரிய இறையியல் பகுதி என்று தனியாக எடுத்து வைத்தும் பழகியிருப்போம்.

இப்போது நான்காம் அதிகாரம் 2-ஆம் வசனத்துக்கு வாருங்கள். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். கர்த்தருக்குள் ஒரே சிந்தையாக இருங்கள் என்று பெயர் சொல்லிப் புத்தி சொல்கிறார். இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. பவுலோடு சேர்ந்து சுவிசேஷத்துக்காகப் போராடியவர்கள் என்று அடுத்த வசனம் சொல்கிறது. என்ன தகராறு என்று எழுதவில்லை. ஆனால் இரண்டாம் அதிகாரத்தில் சொன்ன அதே சொல் இங்கே திரும்ப வருகிறது. சபையில் இரண்டு நல்ல ஊழியக்காரப் பெண்கள் பேசாமல் இருக்கிறார்கள். அந்தச் சபைக்குத்தான் கிறிஸ்துவின் தாழ்மையைப் பற்றிய அந்தப் பெரிய பகுதி எழுதப்பட்டது. பலர் முன்னால் கடிதம் வாசிக்கப்பட்டபோது அந்த இருவரும் அங்கே உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வசன அட்டையில் இதெல்லாம் கிடைக்காது.

பின்னணி: அப்போஸ்தலர் 16

பிலிப்பி சபை எப்படி உண்டானது என்று வேதத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது. அப்போஸ்தலருடைய நடபடிகள் 16-ஆம் அதிகாரம். பிலிப்பி மக்கெதோனியாவில் ரோமர் குடியேறிய ஊர். ஓய்வுநாளில் பவுலும் கூட இருந்தவர்களும் ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடின பெண்களிடம் பேசுகிறார்கள். இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் விசுவாசிக்கிறாள். குறிசொல்லும் ஆவி பிடித்த ஓர் அடிமைப் பெண் விடுதலையாகிறாள். அவளை வைத்துச் சம்பாதித்த எஜமான்கள் வருமானம் போன கோபத்தில் பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துப்போகிறார்கள். அடி, சிறை, கால்களில் தொழுமரம். நடுராத்திரியில் இருவரும் ஜெபித்துப் பாடுகிறார்கள், பூமி அதிர்கிறது, சிறைக்காவலன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெறுகிறான்.

இதைப் படித்துவிட்டுத் திரும்பவும் நிருபத்துக்கு வாருங்கள். நீங்கள் என்னிடத்தில் கண்ட போராட்டம் என்று 1:30-ல் பவுல் எழுதுவது எதை என்று இப்போது தெரியும். சந்தோஷமாயிருங்கள் என்று அவர் எழுதியதைக் கேட்டவர்களில், அந்த ராத்திரிச் சம்பவத்தைக் கண்ணால் கண்டவர்களும் இருந்திருக்கலாம். அந்த ஊரில் ஒருமுறை சிறையில் பாடியவர், இன்னொரு சிறையிலிருந்து எழுதுகிறார்.

இந்த மாதிரி இணைப்புகளைத் தேட, ஓரத்தில் ஒத்த வசனங்கள் அச்சிட்ட ரெஃபரன்ஸ் பைபிள் உதவும். ஒரு சொல் வேறெங்கெல்லாம் வருகிறது என்று பார்க்க கன்கார்டன்ஸ் உண்டு. இப்போது ஆப்பிலேயே தேடிவிடலாம். ஆனால் எல்லாக் குறிப்பையும் துரத்திப் போகாதீர்கள். ஒரு வசனத்தில் தொடங்கி ஏழெட்டுப் புத்தகம் சுற்றிவிட்டு, தொடங்கின இடத்தையே மறந்துவிடுகிற ஆபத்து இருக்கிறது.

மூன்றாம் வாரம்: அவர்களுக்கு என்ன சொன்னது?

நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்குமுன், முதலில் வாசித்தவர்களுக்கு என்ன சொன்னது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. பரீட்சை ஹாலுக்குப் போகிற பிள்ளைகளின் நெற்றியில் எண்ணெய் பூசிச் சொல்லி அனுப்புகிற வசனம். இரண்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள். எந்த நிலைமையிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும். திருப்தியாக இருக்கவும் தெரியும், பட்டினியாக இருக்கவும் தெரியும். "எல்லாவற்றையும்" என்று சொல்வதற்குள் பட்டினியும் இருக்கிறது. முதல் வகுப்பில் தேறியவனுக்கு மட்டும் இல்லாமல், தேறாமல் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கும் அந்த வசனம் உண்டு. பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினால் நன்றாயிருக்கும்.

4:19-ம் அப்படித்தான். என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார். மேலே 15-ஆம் வசனத்திலிருந்து படித்தால், அது யாருக்குச் சொன்னது என்று தெரியும்: பவுலின் தேவைக்குத் திரும்பத் திரும்பப் பணம் அனுப்பின ஒரே சபைக்கு. எப்பாப்பிரோதீத்து என்பவர் அந்த உதவியைக் கொண்டுவந்து, வழியிலோ வந்த இடத்திலோ நோய்ப்பட்டு, சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார் என்று 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் மக்கெதோனியாச் சபைகளின் கொடிய தரித்திரத்தைப் பற்றியும் பவுல் எழுதியிருக்கிறார். கையில் இல்லாத காலத்தில் கொடுத்தவர்களிடம், உங்கள் குறைவைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்கிற வசனம் அது. பைக் லோன் கிடைக்க வேண்டும் என்று அதை ஒட்டிவைப்பவரை நான் கேலி செய்யவில்லை; வசனத்துக்கு இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்கிறேன்.

இதே கேள்வியை நீங்கள் அறிந்த வாக்குத்தத்தங்கள் எல்லாவற்றோடும் கேட்டுப் பார்க்கலாம். எரேமியா 29:11 தீமைக்கல்லாத, சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிப் பேசுகிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. இன்னும் மேலே, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் திரும்பிப் போகாமலே இறந்திருப்பார்கள்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. யோபு 8:7. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." புதுக்கடைத் திறப்பு, கிருகப்பிரவேச அழைப்பிதழ் என்று எங்கும் பார்க்கலாம். பேசுகிறவர் யார் என்று பாருங்கள். பில்தாத், யோபின் நண்பர்களில் ஒருவர். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபிடம் வந்து, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் போனார்கள் என்கிற தொனியில் 4-ஆம் வசனத்தில் பேசிவிட்டு, நீ சுத்தமாக இருந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிற இடம் அது. புத்தகத்தின் கடைசியில், 42:7-ல், இந்த நண்பர்கள் தம்மைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்படுகிறார். வேடிக்கை என்னவென்றால், யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்பட்டதாகவும் அதே அதிகாரம் முடிகிறது. ஆகவே பில்தாத் சொன்னது பலிக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் நினைத்த காரணத்தால் அது நடக்கவில்லை. யோபு புத்தகம் முழுவதையும் படிக்கிறவர் துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசக்கூடாது என்றாவது தெரிந்துகொண்டு போவார்.

புத்தகத்துக்குப் புத்தகம் படிக்கிற முறையும் கொஞ்சம் மாறும். நீதிமொழிகள் பொதுவான அனுபவ ஞானம். 26-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனம் மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது, 5-ஆம் வசனம் பதில் சொல் என்கிறது. எந்த நேரத்தில் எது என்று நாம்தான் யோசிக்க வேண்டும். சங்கீதங்கள் ஜெபங்கள், பாட்டுகள். அவற்றில் கோபமும் அழுகையும் அப்படியே இருக்கும், அவற்றைக் கட்டளைகளாகப் படிக்கக்கூடாது. லேவியராகமத்தை எபிரெயர் நிருபத்தோடு சேர்த்துப் படித்தால் வழி கிடைக்கும். வெளிப்படுத்தின விசேஷம்? கொஞ்ச வருஷம் பொறுங்கள். யூடியூபில் அதை நாள் குறித்து விளக்குகிறவர்களைப் பார்த்துத் தொடங்க வேண்டவே வேண்டாம்.

விளக்கவுரையை எப்போது திறப்பது?

நீங்கள் பார்த்து, கேட்டு, எழுதி முடித்த பிறகு. முதலிலேயே திறந்தால் அவர் பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கேள்விகளுக்கு என்று ஒதுக்குங்கள்: புரியாத சொல், இடறலான வசனம், இரண்டு இடத்தில் வேறு வேறாக இருப்பதாகத் தோன்றுவது. அந்தக் கேள்விகளோடு விளக்கவுரையைத் திறந்தால் அது பேசும்.

விளக்கவுரை மட்டும் போதாது, மனிதர்களும் வேண்டும். அப்போஸ்தலர் 8-ல் ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரியிடம், வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்கிறார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று அவர் பதில் சொல்கிறார். தனியாகப் படிப்பது என்றால் தனிக்காட்டு ராஜாவாகப் படிப்பது என்று அர்த்தம் இல்லை. சபை ஐயரிடம் (போதகரிடம்) கேளுங்கள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையிடம் கேளுங்கள். உங்களைப் போலவே புதிதாகப் படிக்கிற ஒருவர் கிடைத்தால் வாரம் ஒருமுறை உட்கார்ந்து நோட்டை மாற்றிப் பாருங்கள். கேள்வி கேட்டால் கோபப்படுகிற போதகர் இருந்தால், பெரோயா ஊராரை நினைத்துக்கொள்ளுங்கள்: பவுல் சொன்னதையே அவர்கள் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள்.

நான்காம் வாரம்: கைக்கொள்ளுதல்

இங்கேதான் பெரும்பாலும் வழுக்கிவிடுகிறோம். வேதம் படிக்கும்போது, "இது அந்தச் சித்திக்கு நன்றாகப் பொருந்தும்" என்று தோன்றும். "எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள்" என்ற 2:14-ஐ வாசித்ததும் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் முகம் வரும். வரட்டும். அப்புறம் அவரை அனுப்பிவிட்டு, உங்கள் பெயரைப் போட்டு அதே வசனத்தை மறுபடி வாசியுங்கள்.

எழுதும்போது பொதுவாக எழுதாதீர்கள். "நான் தாழ்மையாக இருக்க வேண்டும்" என்று எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. யாரிடம், எந்த விஷயத்தில், எப்போது என்று எழுதுங்கள். சபைத் தேர்தல் நடந்த வருஷம் என்றால் பல ஊர்களில் எயோதியாளும் சிந்திகேயாளும் கட்சிக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். திருவிருந்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்படியிட்டுவிட்டு, வெளியே வந்து முகம் பார்க்காமல் போவார்கள். அந்த நிலைமையில் இருக்கிறவருக்குப் பிலிப்பியர் 2-ஐ கைக்கொள்வது என்பது வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஃபோன் பண்ணுவது. தேதியோடு நோட்டில் எழுதி, செய்தபின் டிக் போடுங்கள். செய்யவில்லை என்றால் அடுத்த பத்திக்குப் போகாமல் அங்கேயே நில்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பது நல்லது.

சில பத்திகளில் செய்ய வேண்டியது எதுவும் இருக்காது. கிறிஸ்துவைப் பார்த்து நன்றி சொல்வதற்கு மட்டும் இருக்கும். 2:6-11 அப்படிப்பட்டது. அங்கே வலுக்கட்டாயமாக ஒரு கடமையைப் பிழிந்தெடுக்க வேண்டாம்.

படித்ததையே ஜெபமாக்குவதும் இந்த வாரத்தில் பழகலாம். 1:9-11-ல் பவுல் பிலிப்பியருக்காக என்ன ஜெபித்தார் என்று இருக்கிறது: அன்பு அறிவிலும் பகுத்தறிவிலும் பெருக வேண்டும், சிறந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மகன் பெயரை, தம்பி பெயரை அங்கே வைத்து ஜெபித்துப் பாருங்கள். வேலை, கல்யாணம், விசா என்று மட்டுமே ஓடிக்கொண்டிருந்த ஜெபத்தில் புதிதாக ஒன்று சேரும்.

மனப்பாடமும் வேண்டும். ஆனால் ஒற்றை வசனமாக இல்லாமல் 2:5 முதல் 11 வரை ஒரு பத்தியாக. தினமும் ஒரு வசனம் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு வாரத்தில் வந்துவிடும். பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் தவறினால்

தவறும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். விட்டதை எல்லாம் சேர்த்து ஒரே நாளில் படித்துக் கடனைத் தீர்க்க முயலாதீர்கள், இது மாதத் தவணை இல்லை. சில நாள் படித்ததில் எதுவுமே தோன்றாது, வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். அந்த நாளில் தேதியைப் போட்டு, "இன்று ஒன்றும் பிடிபடவில்லை" என்று எழுதிவிட்டு எழுந்து போகலாம்.

அடுத்து எது?

பிலிப்பியருக்குப் பிறகு மாற்கு. சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம், வேகமாக ஓடும். ஒரே மூச்சில் முழுவதும் வாசிக்க ஒரு சனிக்கிழமை மதியம் போதும். பழைய ஏற்பாட்டில் ரூத் நல்ல தொடக்கம். 4 அதிகாரம், கதை. அதன் பிறகு ஆதியாகமத்துக்குப் போகலாம். நடுவே தினம் ஒரு சங்கீதம்.

அதற்கெல்லாம் முன்னால், இந்த முறை கைக்கு வந்ததா என்று பார்க்க ஒரு சின்னப் பயிற்சி: பிலேமோன். ஒரே அதிகாரம், 25 வசனம். யாருடைய உதவியும் இல்லாமல் மூன்று முறை சத்தமாக வாசித்துவிட்டு நோட்டில் பதில் எழுதுங்கள். ஒநேசிமு யார், பிலேமோனுக்கு அவர் என்ன உறவு? பவுல் கட்டளையிட முடியும் என்று சொல்லிவிட்டு, ஏன் கெஞ்சுகிறார்? கடன் இருந்தால் யார் கணக்கில் எழுதச் சொல்கிறார்? இந்தக் கடிதம் அந்த வீட்டில் கூடுகிற சபைக்கும் எழுதப்பட்டது என்று 2-ஆம் வசனம் சொல்கிறதே, எல்லார் முன்னாலும் வாசிக்கப்பட்டபோது பிலேமோனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் கடைசியில் என்ன செய்தார் என்று கடிதத்தில் இல்லை. கொலோசெயர் 4:9-ஐயும் ஒருமுறை பார்த்துவிட்டு, என்ன செய்திருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதையும் எழுதிவையுங்கள்.